வாழ்க்கையின் பிழைதிருத்தம்



அச்சாகி வரும் நூல்களின் இறுதிப் பக்கத்திலே, சில வேளைகளில் முதற் பக்கத்திலே, 'பிழைதிருத்தம்' என்னும் தலைப்பில் ஒரு சிறு அட்டவணை இடம்பெற்றிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இன்ன பக்கத்தில், இன்ன வரியில், இன்ன சொல் பிழையாக அச்சாகிவிட்டது. அதனை இவ்வாறு திருத்தி வாசித்துக்கொள்க என்று அது கூறும். தாள்கள் அச்சேறி, கோத்த எழுத்துக்களும் கலைக்கப்பட்ட பின்னர் அச்சகத்தார் செய்யக்கூடியது அவ்வளவே. தம் நெடிய வாழ்நாளைத் திரும்பிப் பார்த்த ஒரு பெரியார், தாம் இழைத்த குற்றங்களுக்கு இந்த அச்சுக்கூடச் சொல்லையே பெயராக இட்டார். அவர்தாம் அமெரிக்க நாட்டுப் பெஞ்சமின் பிராங்கிளின்.

பிராங்கிளின் 1706ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரிலே பிறந்தவர். தந்தையார் மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்து விற்றவர். அவருடைய பதினேழு பிள்ளைகளுள் இவர் பதினைந்தாமவர். பள்ளிக்கூடத்திற்குச் சென்றது ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். பன்னிரண்டு வயதில் தமையனாரின் அச்சுக்கூடத்திலே தொழில் பழகச் சேர்க்கப்பட்டார். பிற்காலத்தில் இடிமின்னலின் இயல்பை ஆராய்ந்ததும், 1776இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கைச்சாத்திட்டதும், பிரான்சிலே தம் நாட்டின் தூதுவராயிருந்ததும் உலகறிந்த செய்திகள். அவற்றைப் பற்றி இன்று நான் பேச வரவில்லை. அவர் எழுதிய சுயசரிதையைப் பற்றியே பேச விழைகின்றேன்.

1771ஆம் ஆண்டு கோடை காலத்தில், தமது அறுபத்தைந்தாவது வயதில், இங்கிலாந்திலே துவைபோர்ட் என்னும் கிராமத்தில், நண்பராகிய ஓர் ஆயரின் இல்லத்தில் ஓய்வாகத் தங்கியிருந்தபோது அந்நூலை அவர் எழுதத் தொடங்கினார். தம் மகன் வில்லியத்துக்கு எழுதும் கடிதமாகவே அதனைத் தொடங்கினார். வில்லியம் அக்காலத்தில் நியூ ஜேர்சி மாகாணத்தின் ஆள்பதியாக இருந்தார். வாழ்ந்த வாழ்க்கையை மீண்டும் ஒருமுறை அவ்வாறே வாழும் வாய்ப்புக் கிடைத்தால் மறுக்கமாட்டேன், ஆனால் நூலாசிரியர்கள் இரண்டாம் பதிப்பிலே முதற் பதிப்பின் பிழைகளைத் திருத்திக்கொள்வது போன்ற ஒரு சலுகை எனக்கும் வேண்டும் என்னும் கருத்துப்பட அவர் தொடக்கத்திலேயே கூறுகின்றார். அந்த இரண்டாம் பதிப்பு எவருக்கும் கிட்டுவதில்லை என்பதை அவர் அறியாதவரல்லர். ஆகவே, பிழைகளை எடுத்துக் கூறுவதையாவது செய்வோம் என்று துணிந்தார்.

முதற் பிழை தமையனார் யேம்சைப் பற்றியது. யேம்ஸ் நடத்திய பத்திரிகை அரசினரின் சினத்துக்கு இலக்காயிற்று. அவர் பெயரில் அதனை வெளியிடலாகாது என்று தடையும் பிறந்தது. எனவே தம்பியின் பெயரில் வெளியிட ஏற்பாடு செய்தனர். அதற்காகத் தம்பியின் தொழில் ஒப்பந்தம் முடிவுற்றதாக வெளிப்படையாக எழுதிக் கொடுத்துவிட்டு, இரகசியமாகப் புதியதோர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார் தமையனார். தமையனாரோ கைநீட்டும் சுபாவமுடையவர். ஒருநாள் சண்டை முற்றவே, தம்பி வேலையை விட்டு விலகினார். இரகசிய ஒப்பந்தத்தைத் தமையனார் வெளியே காட்டத் துணியமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். அந்தத் துணிவிலேதான் விலகினார். பதினேழு வயதில் வீட்டை விட்டு ஓடிப் பிலடெல்பியாவை அடைந்தார். தமையன் அடித்தது உண்மை. ஆயினும், அவருடைய இக்கட்டான நிலையைத் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்தியது நேர்மையன்று என்பதே முதியவராகிய பிராங்கிளினின் தீர்ப்பு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் வருந்தியதோடு நின்றுவிடவில்லை. பத்து ஆண்டுகளின் பின் நோயுற்றிருந்த தமையனாரைத் தேடிச் சென்றார். பழம்பகை மறந்து இருவரும் கூடினர். தாம் இறந்தபின் தம் மகனை ஏற்று அச்சுத்தொழில் பழக்க வேண்டுமென்று தமையனார் கேட்டுக்கொண்டார். பிராங்கிளின் அப்பையனைச் சில ஆண்டுகள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய பின்பே தொழில் பழக்கினார். அவன் வளர்ந்து, தாயார் நடத்திவந்த அச்சுக்கூடத்தைப் பொறுப்பேற்றபோது, பழைய எழுத்துக்கள் தேய்ந்துபோயிருந்தமையால் புதிய அச்செழுத்துக்களைக் கொடுத்து உதவினார். தமையனிடமிருந்து பறித்த சேவையை அவர் மகனுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக எழுதுகின்றார். அச்சுத் தொழிலாளிக்குப் புது எழுத்தைக் காட்டிலும் சிறந்த ஈடு வேறெது?

வேறொருவருக்காக அறவிட்ட கடன் பணத்தை நண்பனுக்காகச் செலவழித்ததும், பின்னர் அதனை வட்டியுடன் திருப்பிச் செலுத்தியதும் இன்னொரு பிழை. மணம் பேசிய பெண்ணுக்கு இலண்டனிலிருந்து ஒரே ஒரு கடிதம் எழுதிவிட்டு அவளை மறந்திருந்தது மற்றொன்று. அப்பெண்ணாகிய டெபோராவையே 1730இல் அவர் மனைவியாக ஏற்றார்.

இனி, அந்நூலில் பலரும் விரும்பிப் படிக்கும் பகுதிக்கு வருகின்றேன். குற்றமே இல்லாத வாழ்க்கை வாழ்வது என்று இளம் வயதில் ஒருமுறை பிராங்கிளின் தீர்மானித்தார். மிதமான உணவு, அளவான பேச்சு, ஒழுங்கு, உறுதி, சிக்கனம், உழைப்பு, வாய்மை, நீதி, நிதானம், தூய்மை, மன அமைதி, கற்பு எனப் பன்னிரண்டு பண்புகளை எழுதிக்கொண்டார். அதைக் கண்ட ஒரு நண்பர், 'உம்மைச் செருக்குடையவர் என்றல்லவா எல்லாரும் எண்ணுகின்றனர்' என்று அன்போடு எடுத்துச் சொல்ல, பணிவு என்பதைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்தார். ஒரு சிறிய குறிப்பேடு தயாரித்தார். ஒவ்வொரு பண்புக்கும் ஒரு பக்கம். செம்மையினால் கோடிட்டு, கிழமை நாட்களுக்கு ஏழு நிரல்களும், பண்புகளுக்குப் பதின்மூன்று நிரைகளும் அமைத்தார். மாலைதோறும் அன்றைய நாளை ஆராய்ந்து, தவறிய இடத்தில் ஒரு கரும்புள்ளி இடுவார். வாரத்துக்கு ஒரு பண்பைத் தனிக் கவனத்துக்குரியதாகக் கொண்டார். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடியும். ஆண்டுக்கு நான்கு சுற்று.

புள்ளிகளை அழித்து அழித்து எழுதியதில் தாள் ஓட்டையாகிவிட்டது. பின்னர் யானைத் தந்தத் தகடுகளில் கோடிட்டு, பென்சிலால் குறித்து, ஈரப் பஞ்சினால் துடைத்துக்கொண்டார். ஒழுங்கு என்னும் நிரையே அவரைப் பெரிதும் வருத்தியது. பொருளை வைத்த இடத்தில் வைப்பதும், குறித்த வேளைக்குக் குறித்த கருமத்தைச் செய்வதும் முதுமைவரை அவருக்குக் கைவரவில்லை. இதற்கு ஒரு கதையும் சொல்கின்றார். கோடரி வாங்கிய ஒருவன் அதன் முகம் முழுவதும் வாய்போலப் பளபளக்க வேண்டுமென்று கேட்டான். கொல்லன், 'சாணைச் சில்லை நீ சுற்றினால் தீட்டித் தருகின்றேன்' என்றான். சுற்றிச் சுற்றிக் களைத்தவன், புள்ளி விழுந்த கோடரியே தனக்குப் பிடித்திருக்கின்றது என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனானாம். பணிவைப் பற்றி அவர் சொல்வது இதனினும் நயமானது. செருக்கை முற்றாக வென்றுவிட்டதாக நினைத்தாலும், அந்தப் பணிவைக் குறித்தே செருக்குக் கொண்டுவிடுவேன் என்கின்றார்.

ஆங்கில நாவலாசிரியர் டி. எச். லோரன்ஸ் 1923இல் வெளியான ஒரு நூலிலே இந்தக் குறிப்பேட்டை மிகவும் எள்ளி நகையாடினார். மனித ஆன்மாவைக் கடைக்கணக்குப் போல எழுதிவிட முடியுமா என்பது அவர் கட்சி. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவோர் பலராயிருக்க, அன்றாடம் மாலையில் தம் நாளைத் தாமே உசாவுபவர் சிலராயிருக்கும் உலகத்திலே, அந்தச் சிறு ஏட்டை எளிதில் இகழ்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை.

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறவேண்டியுள்ளது. ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதிலே, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், வயல்களும் மாட்டுப் பட்டிகளும் சூழ்ந்த ஒரு சிற்றூர்ப் பாடசாலையில் கற்பித்தேன். பிராங்கிளினின் குறிப்பேடு என்னைக் கவர்ந்திருந்த காலம் அது. பெரியதோர் அட்டை வாங்கி, சிவப்பு மையினால் கோடிட்டு, வகுப்புச் சுவரில் தொங்கவிட்டேன். இடப்புறத்திலே மாணவர் பெயர்கள், மேலே ஒழுக்கங்கள். தவறியவர் பெயருக்கு நேரே கரும்புள்ளி. பரிசோதனைக்கு வந்த உத்தியோகத்தர் அதனைப் பார்த்து மெச்சினார். நானும் மகிழ்ந்தேன்.

அவ்வகுப்பிலே ஒரு பையன் நாள்தோறும் பிந்தியே வருவான். நேரந்தவறாமை என்னும் நிரலில் அவன் பெயருக்கு நேரே வெள்ளை இடமே இல்லாது போயிற்று. சக மாணவர் அவனுக்குக் 'கரும்புள்ளி' என்றே பெயர் வைத்துவிட்டனர். நான் அதைக் கேட்டேன், கேளாதவன்போல் இருந்தேன். ஒரு தவணை முடிவதற்குள் அவன் பாடசாலைக்கு வருவதை நிறுத்திவிட்டான். பட்டியில் பால் கறந்து, சைக்கிளில் இரண்டு போத்தற் கூடைகளைக் கட்டி, நான்கு கட்டைத் தூரத்திலுள்ள பால் சேகரிக்கும் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, அங்கிருந்து நேரே அவன் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தான் என்பதும், அவனுடைய தகப்பனார் நோயாளி என்பதும் பின்னரே எனக்குத் தெரியவந்தது. கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை, புள்ளி மட்டும் இட்டேன்.

பிராங்கிளின் தம் குறிப்பேட்டைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அதில் எழுதப்பட்டிருந்தது ஒரே ஒருவருடைய குற்றம். நான் சுவரில் தொங்கவிட்ட அட்டையில் முப்பது பிள்ளைகளின் பெயர்கள் இருந்தன. என் பெயர் இருக்கவில்லை. இந்த வேறுபாடு எனக்கு அப்போது புலப்படவில்லை. நெடுங்காலத்தின் பின் அந்நூலையும் அவரது கடிதங்களையும் ஒருங்கே வாசித்தபோதே புலப்பட்டது. புலப்படச் செய்தது பிராங்கிளினின் நற்குணமன்று. அவர் சறுக்கிய இடம்.

குறிப்பேட்டைப் பற்றிய பகுதியை அவர் 1771இல் எழுதவில்லை. இடையிலே சுதந்திரப் போர் மூண்டது. தந்தை புரட்சியின் தலைவர்களுள் ஒருவரானார். மகன் வில்லியமோ மன்னருக்கே விசுவாசமாக நின்றார். 1776இல் வில்லியம் கைதுசெய்யப்பட்டார். அவர் சிறைப்பட்டிருந்த காலத்திலேயே, 1777இல், அவர் மனைவி இறந்தார். விடுதலையின் பின் அவர் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். போர் ஓய்ந்தபின் 1784ஆம் ஆண்டு பாரிசு நகரை அடுத்த பசி என்னுமிடத்தில் இருந்தபோது பிராங்கிளின் தம் வரலாற்றை மீண்டும் எழுதத் தொடங்கினார். அப்பகுதி மகனை விளித்து எழுதப்படவில்லை. பதின்மூன்று பண்புகள் வருவது அப்பகுதியிலேதான். அவற்றுள் நிதானம் என்பதற்கு அவர் கொடுத்த விளக்கம் இரண்டு பகுதியுடையது: எதிலும் எல்லை கடவாதிருத்தல், பிறர் செய்த தீங்கு எவ்வளவு சினத்துக்குரியதென்று தோன்றுகின்றதோ, அவ்வளவு சினங்கொள்ளாதிருத்தல்.

அதே 1784ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வில்லியத்திடமிருந்து கடிதம் வந்தது. பழைய உறவைப் புதுப்பிக்க விரும்புவதாக மகன் எழுதினார். தாம் கடமையென்று கருதியதையே செய்ததாகவும் கூறினார். ஆகத்து மாதத்தில் தந்தை பதில் எழுதினார். உறவைப் புதுப்பிப்பது தமக்கும் இனிதே என்று அக்கடிதம் தொடங்குகின்றது. பின்னர், முதுமையில் ஒரே மகனால் கைவிடப்பட்டதைப் போல் எதுவும் தம்மை வருத்தியதில்லை என்கின்றது. அரசியற் கருத்து வேற்றுமைக்காக உன்னைக் குறைகூறலாகாது, மனிதர் யாவரும் தவறக்கூடியவர்களே என்று ஓரிடத்தில் இளகுகின்றது. அரசியற் கடமைக்கு முற்பட்ட இயற்கைக் கடமைகள் உண்டு என்று மற்றோரிடத்தில் இறுகுகின்றது. எழுதிய கை நடுங்கியிருக்குமென்றே எனக்குத் தோன்றுகின்றது.

மறு ஆண்டு, தாயகம் திரும்பும் வழியிலே சவுதாம்ரன் துறைமுகத்தில் தந்தையும் மகனும் சில நாட்கள் சந்தித்தனர். அச்சந்திப்பில் காணிகளும் கடன்களும் பேசித் தீர்க்கப்பட்டன. அதன் பின் அவர்கள் ஒருவரையொருவர் காணவில்லை. பிராங்கிளினின் மரணசாதனத்திலே மகனுக்கு விடப்பட்டது சொற்பம். போர்க்காலத்தில் அவன் எனக்கு எதிராக நடந்துகொண்டதே இதற்குக் காரணம் என்று உலகறிய அதில் எழுதியும் வைத்தார். இளமையிலே தமையனைக் கைவிட்டு ஓடியவர், அதனைப் பிழையென்று உணர்ந்து, தேடிச் சென்று ஈடு செய்தவர், தம்மைக் கைவிட்ட மகனின் பெயருக்கு நேரே இட்ட கரும்புள்ளியை மட்டும் அழிக்காமலே போனார். தம் ஏட்டில் ஈரப் பஞ்சினால் துடைத்த கை, மகனின் ஏட்டிலே துடைக்கத் தயங்கிவிட்டது. இதனைச் சொல்வதனால் அப்பெரியாரைக் குறைத்து மதிப்பிடுகின்றேன் என்று கொள்ளலாகாது. மகனால் நேர்ந்த புண் எத்தகையது என்பதைப் பெற்றோர் அறிவர். நம்மவர் குடும்பங்களிலும் காணி காரணமாகவோ கட்சி காரணமாகவோ பேச்சற்றுப் போன தகப்பன்மாரும் மக்களும் எத்தனை பேர்!

இன்னொன்றும் உண்டு. நூலிலே எடுத்துரைத்த பிழைகளினும் பெரியதொன்று அந்நூலில் பிழையென்று குறிக்கப்படவேயில்லை. பிராங்கிளின் அடிமைகளை வைத்திருந்தார். அவருடைய 'பென்சில்வேனியா கசற்' பத்திரிகை, அடிமைகளை விற்பதற்கும், ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துத் தருவதற்குமான விளம்பரங்களைக் காசு பெற்று வெளியிட்டது. 1757இல் அவர் இங்கிலாந்து சென்றபோது உடன் கொண்டுசென்ற அடிமைகளுள் ஒருவன் அங்கே தப்பி ஓடினான். தாமே ஓடிவந்த ஒரு தொழில் பழகுநர் என்பது அவ்வேளையில் அவர் நினைவுக்கு வந்ததோ என்னவோ! நீதி என்னும் நிரையில் எத்தனையோ மாலைகள் புள்ளியின்றிக் கழிந்திருக்கும். ஊரே பிழையென்று கருதாத ஒன்றை ஒருவருடைய மாலைக் கணக்கு எப்படிப் பிடிக்கும்? குறிப்பேட்டின் குறை இதுவென்று நான் நினைக்கின்றேன். நாம் ஏற்கெனவே குற்றமென்று அறிந்தவற்றை மட்டுமே அது காட்டித் தரும்.

ஆயினும் முதுமை அவரை அப்படியே விட்டுவிடவில்லை. 1787ஆம் ஆண்டு, எண்பத்தொரு வயதில், பென்சில்வேனியாவின் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். 1790 பெப்ரவரியில், அடிமை முறையை நீக்குமாறு வேண்டும் மனுவில் கையெழுத்திட்டு அமெரிக்கக் காங்கிரசுக்கு அனுப்பினார். காங்கிரசு அதற்கு இணங்கவில்லை. மார்ச்சு மாதத்தில், அடிமை முறைக்காக வாதாடியவர்களை எள்ளி ஒரு கட்டுரையைப் புனைபெயரில் வெளியிட்டார். ஏப்பிரல் 17ஆம் நாள் காலமானார். சுயசரிதை அவருடைய ஐம்பதுகளின் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. ஆகவே இந்தப் பிழைதிருத்தம் நூலில் இல்லை. அந்த மனுவிலேதான் இருக்கின்றது. எண்பத்துநான்கு வயதில், நோயுற்றுப் படுக்கையில் கிடந்தவர், தம் இளமைக்காலப் பத்திரிகையின் பக்கங்களை இவ்வாறு திருத்த முற்பட்டது எனக்கு அவருடைய பதின்மூன்று பண்புகளினும் பெரிதாகத் தோன்றுகின்றது.

நான் முன்னர் கூறிய பையனைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், தைமாதத்தில், முதலாம் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் நாளன்று, என் அலுவலகத்துக்கு ஒரு தகப்பனார் மகளோடு வந்தார். பெயரை வாசித்ததும் எனக்கு விளங்கிவிட்டது. பட்டணத்தில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். பத்திரங்களில் கையெழுத்திட்டு முடித்தபின், மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து, மகளின் தோளில் கைவைத்து, "பிள்ளையை நேரத்துக்குக் கூட்டிவந்து விடுவேன், சேர்," என்றார். நான் எழுந்து நின்று, அன்று அவனிடம் கேட்டிருக்க வேண்டியதை இன்று அவரிடம் சொன்னேன். கேட்காமற் புள்ளி இட்டது என் பிழை என்றேன். அவர் சற்றுநேரம் பேசவில்லை. பின்னர், "அந்த நாளையிலை பால்காசுதான் சேர் வீட்டிலை அடுப்பெரிச்சது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

எங்கள் பாடசாலை வாயிலிலே பிந்தி வருவோர் பதிவேடு ஒன்று இருக்கின்றது. நேரந்தவறாமை வேண்டியதே, அதனை நான் விட்டுவிடவில்லை. ஆனால் அன்று பின்னேரம் அதில் புதிதாக ஒரு நிரல் கோடிட்டேன். 'காரணம்' என்பது அதன் தலைப்பு. பிள்ளையைத் தனியே அழைத்துக் கேட்டு அந்த நிரலை நிரப்ப வேண்டியவர் பொறுப்பாசிரியர். அது வெறுமையாக விடப்பட்டிருந்தால், கையொப்பமிடாமல் ஏட்டைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.